புகையை விடுதலும் விட்டதில் நிலைத்தலும்

ரமளான் மாதம் முழுவதும் பகலில் பீடியையோ சிகரெட்டையோ தீண்டாதிருந்த ஒருவர், பெருநாள் தொழுகை முடிந்து, புத்தாடையின் மடிப்புக் கலையுமுன்னரே தேநீர்க் கடையோரம் நின்று புகைக்கின்ற காட்சி நம் ஊர்களில் புதிதன்று. ஏறத்தாழப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் பசியையும் தாகத்தையும் புகை வேட்கையையும் ஒருசேர அடக்கியாண்ட அதே மனிதர், அடுத்த நாள் ஒரு விரல் நீளச் சுருளுக்கு அடங்கிப்போகிறார். அவரிடம் மனவுறுதி இல்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒரு திங்கள் முழுதும் அவர் அதனை மெய்ப்பித்துக் காட்டியிருக்கிறார். அவ்வாறாயின் அந்த உறுதி பெருநாளன்று எங்கே போயிற்று?

தருமபுரியில் நான் நெடுநாள் பழகிய புளி வணிகர் ஒருவர் இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே சான்றாக வைத்திருந்தார். இளம் வயதிலேயே தொற்றிய பழக்கம். ரமளானில் விடுவதும் ஷவ்வாலில் தொடங்குவதுமாகப் பல்லாண்டுகள் கழிந்தன. ஒருமுறை மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவர் கேட்டார்: “நோன்பில் எனக்கு ஒரு காவல் இருக்கிறது ஹஜ்ரத். பெருநாள் பிறை தெரிந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. மிச்சம் பதினொரு மாதத்துக்கு எனக்கு யார் காவல்?”

அன்று அவருக்கு நான் தந்த விடை போதுமானதன்று. அதற்குப் பின் படித்தும் சிந்தித்தும் அவரோடு உரையாடியும் கண்டவற்றையே இங்குத் தொகுத்துரைக்கின்றேன். புகையை விடுவதற்குரிய காரணங்களைப் பலரும் எழுதியுள்ளனர். விட்டபின் பல்லாண்டுக் காலம் அந்த நிலையில் நிற்பதற்குரிய வழியே இக்கட்டுரையின் பொருள்.

பழக்கம் என்னும் சொல்

அரபு மொழியில் பழக்கத்தைக் குறிக்கும் சொல் ‘ஆதத்’ என்பதாம். அது ‘திரும்பி வருதல்’ என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது. எது மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறதோ அதுவே ஆதத். ஆண்டுதோறும் திரும்பி வருவதாலேயே பெருநாளுக்கும் ‘ஈத்’ என்னும் பெயர் அமைந்தது என்று அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. பெருநாளும் திரும்பி வருகிறது; பழக்கமும் அதனோடு கைகோத்துத் திரும்பி வந்துவிடுகிறது.

இச்சொல்லாய்வு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. பழக்கம் என்பது வெட்டி எறிந்தால் ஒழிந்துபோகும் பொருளன்று. திரும்பி வருவதே அதன் இயல்பு. ஆகவே, ‘நான் விட்டுவிட்டேன், இனி அது வராது’ என்று எண்ணியிருப்பவரைவிட, ‘அது திரும்பி வரும், வரும்போது நான் ஆயத்தமாக இருப்பேன்’ என்று எண்ணுபவரே நிலைத்து நிற்கிறார்.

மற்றொரு நுட்பமும் உண்டு. அரபு இலக்கணம் பயிலும் மாணவருக்கு ‘ஃப’, ‘ஸும்ம’ என்னும் இரு இணைப்பிடைச் சொற்களின் வேற்றுமையைக் கற்பிப்போம். முன்னது உடனடித் தொடர்ச்சியைக் காட்டும். பின்னது இடையே காலம் செல்வதைக் காட்டும். குர்ஆனின் 41ஆம் அத்தியாயம் 30ஆம் வசனம், அல்லாஹ்வே எங்கள் இறைவன் என்று மொழிந்தவர்களையும் அதன்பின் அதில் நிலைத்து நின்றவர்களையும் சேர்த்துச் சிறப்பிக்கின்றது. அங்கே மொழிதலுக்கும் நிலைத்தலுக்கும் இடையில் ஆளப்பட்டிருப்பது ‘ஸும்ம’. மொழிவதற்கு ஒரு நொடி போதும். நிலைப்பதற்கு வாழ்நாள் வேண்டும். இந்த நிலைத்தலையே ‘இஸ்திகாமத்’ என்கிறோம். நல்ல முடிவுகள் அனைத்திற்கும் இந்த இலக்கணம் பொருந்தும். புகையை விடுதல் ஒரு நாளின் செயல். விட்டதில் நிலைத்தல் ‘ஸும்ம’வுக்குப் பிந்தைய செயல். நம்மில் பலர் முன்னதற்கே ஆயத்தமாகி, பின்னதை எண்ணாமலேயே விட்டுவிடுகிறோம்.

மௌலானா ஆஸாதின் சிகரெட் பெட்டி

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே தக்க சான்று ஒன்று உண்டு. மௌலானா அபுல் கலாம் ஆஸாத் சிகரெட் பழக்கம் உடையவர். 1942 முதல் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்த காலத்தில் அவர் உருதுவில் எழுதிய மடல்கள் 1946இல் ‘குபாரே காத்திர்’ என்னும் நூலாக வெளிவந்தன. அந்நூலில் தம் பழைய சிறைவாசம் ஒன்றை அவர் நினைவுகூர்கிறார். 1921 டிசம்பரில் கல்கத்தாவில் கைதாகி அலிப்பூர்ச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, சிறையில் புகைக்க இசைவு கிடையாது என்பதை அறிந்திருந்த அவர், வாயிலிலேயே தம்மிடமிருந்த சிகரெட் பெட்டியை அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே சென்றார். சிறையிலிருந்த காலம் முழுவதும் அவர் புகைக்கவில்லை. விடுதலையாகும் நாளில் சிறைக் கண்காணிப்பாளர் ஒரு சிகரெட்டை நீட்டினார். ஆஸாத் தயக்கமின்றி வாங்கிக்கொண்டார்.

விடும்போது தமக்குத் தாமதமும் இல்லை, ஏற்கும்போது தயக்கமும் இல்லை. இழந்தபோது வருந்தவில்லை, கிடைத்தபோது மகிழவுமில்லை என்னும் கருத்தில் மௌலானா இதனைத் தம் மனத்தின் பற்றற்ற தன்மைக்கு அடையாளமாகவே எழுதிச் செல்கிறார். அப்பேரறிஞரின் உரைநடை அழகில் நாம் மயங்கலாம். ஆயினும் நம் வினாவுக்கு அந்நிகழ்ச்சி தரும் விடை வேறு. ஓராண்டுக்கும் மேலாக உடல் புகையிலையை முற்றும் மறந்திருந்த நிலையிலும், ஒரு நொடியில் ஒரே ஒரு சிகரெட் பழைய மனிதரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. ஏன்? அவர் சிறையின் பொருட்டு விட்டார். சிறை முடிந்ததும் விட்டதற்கான காரணமும் முடிந்தது. கதவு திறந்தபோது காரணமும் வெளியேறிவிட்டது.

நம் வணிகரின் ரமளானும் இத்தகையதே. எல்லை குறித்த காரணம், எல்லை வந்ததும் தீர்ந்துபோகிறது.

உடலின் கணக்கும் உள்ளத்தின் கணக்கும்

புகையிலையிலுள்ள நிகோட்டின், புகையை உள்ளிழுத்த சில வினாடிகளிலேயே மூளையை எட்டுகிறது. அங்கே இன்ப உணர்வைத் தூண்டும் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. குருதியில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சலும் அமைதியின்மையும் மனக் குவிப்பின்மையும் தோன்றுகின்றன. அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத் தணிக்கிறது. புகைப்பவர் இதனை ‘மன அமைதி’ என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் முந்திய சிகரெட் உண்டாக்கிய குறையையே பிந்தியது நிரப்புகிறது. முற்றும் விட்டவர்க்கு மனக் கலக்கமும் சோர்வும் நாளடைவில் குறைவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன.

முற்றும் விட்டவர்க்கு இந்த உடல் துன்பம் முதல் வாரத்தில் உச்சத்தை எட்டி, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடும். இங்கேதான் நோன்பாளிகள் கருத வேண்டிய ஒன்று உள்ளது. நோன்புக் கஞ்சியைப் பருகியவுடன் புகைக்கத் தொடங்கி, ஸஹர் வரை தொடர்பவர், முப்பது நாளும் பகல்தோறும் அத்துன்பத்தைத் தொடங்கி, இரவுதோறும் அதனைப் பயனற்றதாக்கி விடுகிறார். அவர் பொறுமையைப் பயில்கிறார், நிகோட்டினிலிருந்து விடுபடுவதில்லை. இரவிலும் தொடாதிருப்பவரோ பெருநாளை எட்டும்போது உடல் அளவில் பெரும்பாலும் விடுதலை பெற்றுவிடுகிறார். அவ்வாறிருந்தும் அவர் மீண்டும் தொடங்குவாராயின், அவரை இழுத்தது உடலன்று. தேநீர்க் குவளை, பழைய கூட்டாளி, கடையோரத்து நிழல் ஆகியவற்றோடு பிணைந்து கிடக்கும் உள்ளம். உடலின் கணக்கு ஒரு மாதத்தில் தீரும். உள்ளத்தின் கணக்கு ஆண்டுகள் நீளும்.

மது விலக்கப்பட்ட முறையை இங்கு நினைவுகூர்தல் தகும். முதலில் அதன் தீங்கு பயனைவிடப் பெரிது என்று சுட்டப்பட்டது (2:219). பின்னர்ப் போதையோடு தொழுகையை நெருங்க வேண்டா என்று நேரம் வரையறுக்கப்பட்டது (4:43). இறுதியிலேயே முழு விலக்கு வந்தது (5:90). அந்த இறுதிக் கட்டளை வந்தபோது மதீனாவின் தெருக்களில் மது கொட்டி ஓடியது என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. புகையைப் பொறுத்தவரை ரமளான் இரண்டாம் படியை ஒத்தது. நேர வரையறையே அன்றி முடிவான விலக்கு அன்று. இரண்டாம் படியையே இறுதிப் படியாகக் கருதி அங்கேயே நின்றுவிடுவதுதான் நம் பிழை.

தடையும் தீர்ப்பும்

புகையிலை நம் மண்ணின் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்தது. பீஜப்பூரிலிருந்து திரும்பிய அஸத் பேக் என்பார் அதனை அக்பரின் அவையில் அறிமுகப்படுத்தியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அடுத்து அரியணை ஏறிய ஜஹாங்கீர் 1617இலேயே அதற்குத் தடை விதித்தார். துருக்கியில் நான்காம் முராத் 1633இல் மரண தண்டனையோடு தடை செய்தார். அக்காலத்தில் வாழ்ந்த அறிஞர் காத்திப் செலெபி தம் ‘மீஸானுல் ஹக்’ நூலில் இதனைப் பற்றி ஒரு பகுதியே எழுதியுள்ளார். அத்துணைக் கடுமைக்குப் பின்னும் மக்கள் மறைவாகப் புகைத்தனர் என்பது அவர் கண்ட உண்மை. தமிழகத்திலோ அது பரவிய வேகத்தில் இலக்கியத்திலும் நுழைந்துவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’ அதற்குச் சான்று.

மார்க்க அறிஞரிடையே நடந்த வாதமும் நீண்டது. எகிப்தின் மாலிக்கி அறிஞர் இப்ராஹீம் அல்லக்கானீ (இறப்பு ஹிஜ்ரி 1041) அதனைத் தவிர்க்க வேண்டும் என்று நூல் எழுதினார். அதே மத்ஹபைச் சேர்ந்த அலீ அல்உஜ்ஹூரீ (இறப்பு ஹிஜ்ரி 1066) ஆகுமானது என்று நூல் எழுதினார். திமிஷ்கின் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (1641 – 1731) ஆகுமானது என்னும் பக்கத்தில் நின்றார். அன்று அதன் தீங்கு திட்டவட்டமாக நிறுவப்படவில்லை என்பதை மறத்தலாகாது. 20ஆம் நூற்றாண்டின் மருத்துவ ஆய்வுகள் அந்த ஐயத்தை அகற்றியபின், தம்மைத் தாமே அழிவில் இட்டுக்கொள்ளலாகாது என்னும் இறைக் கட்டளையையும் (2:195), தீங்கிழைத்தலும் கூடாது தீங்குக்குத் தீங்கும் கூடாது என்னும் நபிமொழி விதியையும் முன்னிறுத்தி, சமகால அறிஞர் பலர் ஹராம் என்றே தீர்ப்பளித்தனர். 2000ஆம் ஆண்டில் எகிப்தின் முஃப்தி நஸ்ர் ஃபரீத் வாஸில் அளித்த ஃபத்வா பரவலாக அறியப்பட்டது.

இத்தீர்ப்புகளின் ஏற்றத்தாழ்வை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. நான் சுட்ட விரும்புவது வேறு. தீர்ப்பை மட்டும் துணையாகக் கொண்டு புகையை விட்டவர், வேட்கை எழும் வேளையில் தாமே முஃப்தியாகி விடுகிறார். ‘மக்ரூஹ் என்றும் சொல்லியிருக்கிறார்களே’, ‘ஒன்றுதானே’ என்று நஃப்ஸ் வழக்காடத் தொடங்குகிறது. கலந்துரையாடலுக்கு உரிய நேரம் வேட்கை இல்லாத நேரம். வேட்கை எழுந்தபின் நடப்பது ஆராய்ச்சியன்று, சலுகை தேடல்.

அரசின் சட்டத்துக்கும் இதே எல்லை உண்டு. 2003இல் நடுவண் அரசு புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. பொது இடங்களில் புகைத்தலுக்கான முழுமையான தடை விதிகள் 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தன. அப்போது நலவாழ்வுத் துறை அமைச்சராயிருந்து அதனை முனைந்து நடத்திய அன்புமணி இராமதாசு, பின்னர் 2014இல் நம் தருமபுரித் தொகுதியிலிருந்தே நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தடையால் பேருந்திலும் மருத்துவமனையிலும் பிறர் புகையை நாம் சுவாசிக்க வேண்டிய நிலை பெரிதும் குறைந்தது; அது பெரும் நன்மை. எனினும் சட்டம் வேலிதான். தனித்த அறையில், நள்ளிரவில் அது நம்மோடு வருவதில்லை. 2016 – 17இல் நாடளாவ நடந்த புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், புகைப்போருள் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் முந்திய 12 மாதங்களில் ஒருமுறையேனும் விட முயன்றதாகத் தெரிவித்தனர். விட விரும்புவோர்க்கும் முயல்வோர்க்கும் பஞ்சமில்லை. நிலைப்பதே அரிதாயிருக்கிறது.

கஸ்ஸாலி இமாமின் ஆறு படிகள்

‘யார் காவல்?’ என்று வணிகர் கேட்ட வினாவுக்கு, ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விரிவான விடை தந்துள்ளார்கள். ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் 38ஆம் பகுதி நஃப்ஸைக் கண்காணித்தலையும் கணக்குக் கேட்டலையும் பற்றியது. அங்கு அறிவை ஒரு வணிகராகவும் நஃப்ஸை அவருடைய கூட்டாளியாகவும் உருவகித்து, கூட்டாளியை நடத்தும் முறையை ஆறு படிகளாக வகுக்கிறார்கள். அவை புகைப் பழக்கத்துக்கென எழுதப்பட்டவையல்ல. ஆயினும் அதற்கு இவ்வளவு பொருந்துவது வேறொன்றை நான் கண்டதில்லை.

முதலாவது முஷாரத்தா, அதாவது நிபந்தனை பேசுதல். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், அன்றைய நாளுக்கு மட்டும் நஃப்ஸோடு ஒப்பந்தம் செய்துகொள்வது. ‘வாழ்நாள் முழுதும் புகைக்க மாட்டேன்’ என்னும் உறுதி மலையென அச்சுறுத்தும். ‘இன்று இஷா வரை இல்லை’ என்பது தோளில் சுமக்கத்தக்கது. நிபந்தனை குறிப்பாகவும் இருக்க வேண்டும்: தேநீர் அருந்தியபின் எழுந்து நடப்பேன், இன்ன கடையோரம் நிற்க மாட்டேன், புகைப்பவர் அழைத்தால் இன்னது சொல்வேன்.

இரண்டாவது முராக்கபா, கண்காணித்தல். வேட்கை எப்போது, எங்கே, யாரோடு இருக்கையில் எழுகிறது என்பதை அயலான் ஒருவனைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தல். வேட்கை அலையைப் போன்றது. பெரும்பாலும் சில நிமிடங்களில் எழுந்து தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைத் தண்ணீரோ மிஸ்வாக்கோ உளூவோ நடையோ கொண்டு கடத்திவிட்டால், வெற்றி நம் பக்கம்.

மூன்றாவது முஹாசபா, இரவில் கணக்குப் பார்த்தல். நம் வணிகர் தம் கடைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் இதற்கென ஒரு பத்தி ஒதுக்கினார். நாளொன்றுக்குப் புகைக்காக 100 ரூபாய் செலவிட்டவர் ஆண்டுக்கு 36,500 ரூபாயைச் சாம்பலாக்குகிறார். அத்தொகை கண்முன் எழுத்தாக நிற்கும்போது, நேற்றைய வெற்றி இன்றைய ஊக்கமாகிறது.

நான்காவது முஆக்கபா, தவறியபோது தண்டித்தல். அஸர் ஜமாஅத் தவறியமைக்காக உமர் (ரலி) ஒரு நிலத்தையே தர்மம் செய்ததாக இமாம் எடுத்துக்காட்டுகிறார்கள். தண்டனை என்பது தன்னை இழிவுபடுத்திக்கொள்வதன்று. தவறை நன்மையால் ஈடுசெய்வது. ஒரு சிகரெட் புகைத்துவிட்டால் அதன் விலையைப் போலப் பத்து மடங்கை ஏழைக்குக் கொடு என்னும் விதியை நஃப்ஸ் விரைவில் கற்றுக்கொள்ளும்.

ஐந்தாவது முஜாஹதா, முனைந்து போராடுதல். விட்ட இடத்தை வெற்றிடமாக விட்டுவைத்தால் பழையதே வந்து குடியேறும். அவ்விடத்தில் எதிரான நற்பழக்கம் ஒன்றை நட வேண்டும். இரவு உணவுக்குப் பின் புகைத்தவர் அதே நேரத்தில் நடக்கலாம். நடையோடு திக்ரும் சேரலாம். விட்டபின் முதலாண்டில் உடல் எடை சில கிலோ கூடுவது இயல்பு. அதனையே சாக்காகக் கொண்டு மீண்டும் தொடங்குவோர் உளர். நடை அதற்கும் மருந்து.

ஆறாவது முஆத்தபா, நஃப்ஸைக் கடிந்துரைத்தல். பெரும் பகையாக அன்று. திருந்தக்கூடிய கூட்டாளியை உரிமையோடு கடிவதுபோல.

இந்த ஆறும் ஒருமுறை ஏறி முடித்துவிடும் ஏணியன்று. நாள்தோறும் காலையில் ஒப்பந்தமும் இரவில் கணக்குமாகச் சுழல்கின்ற சக்கரம். ரமளான் வெளியிலிருந்து வரும் காவல். இது உள்ளிருந்து எழும் காவல். நற்செயல்களுள் இறைவனுக்கு மிக உவப்பானது சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதன் பயிற்சி வடிவமே இது.

இவ்வளவும் வகுத்துரைத்த இமாம் அவர்களே தடுமாற்றம் அறியாதவர்கள் அல்லர். ஹிஜ்ரி 488 (கி.பி. 1095) ரஜப் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாத காலம், பக்தாதின் பதவியையும் புகழையும் துறப்பதா வேண்டாவா என்று தாம் ஊசலாடியதை ‘அல்முன்கித்’ நூலில் அவர்களே ஒளிக்காமல் எழுதியுள்ளார்கள். காலையில் பிறந்த உறுதி மாலையில் ஆசைகளின் படையெடுப்பால் கலைந்தது என்பது அவ்வுரையின் கருத்து. காலை உறுதி மாலையில் கலைவதை அறியாத மனிதர் எவருமில்லை. மறுநாள் காலை மீண்டும் உறுதி பூணுவதே வேறுபாடு.

காரணம் தேய்ந்துபோகும் காலம்

நீண்ட காலத்தில் வரும் இடையூறு தொடக்கத்தில் வருவதைவிட நுட்பமானது. இருமலுக்கு அஞ்சி விட்டவருக்கு ஆறு மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. நோய் நீங்கியபோது, விட்டதற்கான காரணமும் உடன் நீங்கிவிடுகிறது. ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன், ஒன்று புகைத்தால் என்ன?’ என்னும் எண்ணம் தலைதூக்குகிறது. ஆகவே தேய்கின்ற காரணங்களோடு, வளர்கின்ற காரணங்களையும் நாம் தேடிக்கொள்ள வேண்டும்.

வளரும் காரணங்களுள் ஒன்று, கூடிக்கொண்டே செல்லும் நலம். விட்டு ஓராண்டில் மாரடைப்புக்கான கூடுதல் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயின் அபாயம், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிடுகையில், ஏறத்தாழப் பாதியாகிறது. பிரிட்டனில் 1951இல் தொடங்கி ஆண் மருத்துவர்கள் 34,439 பேரை ஐம்பதாண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினர், 2004இல் வெளியிட்ட முடிவு எண்ணத்தக்கது: 60, 50, 40, 30 வயதுகளில் விட்டவர்கள் முறையே ஏறத்தாழ 3, 6, 9, 10 ஆண்டு ஆயுளைத் திரும்பப் பெற்றனர். (ஆயுள் இறைவன் வகுத்ததே, அதற்கான காரணிகளையும் அவனே வகுத்துள்ளான்.) டால் அவர்களும் முன்னர்ப் புகைத்தவர், நுரையீரல் புற்றுநோய் பற்றிய தம் முதல் ஆய்வின் போக்கு தெளிவானதும் அதனை விட்டவர். அறுபதிலும் காலம் கடந்துவிடவில்லை என்பது என் வயதினர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

மற்றொன்று, பிறர் பொருட்டு என்னும் காரணம். ஆயுளை நீட்டிக்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. தன் நலனுக்காக விட்டவர் தன் நலனுக்காகவே மீண்டும் தொடங்கலாம். வீட்டில் அதே காற்றைச் சுவாசிக்கும் மனைவியும் பேரப்பிள்ளைகளும், தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பவரும் நாள்தோறும் கண்முன் இருக்கும் காரணங்கள். பூண்டும் வெங்காயமும் உண்ட வாயோடு பள்ளிக்கு வராதிருக்கக் கூறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நயத்தக்க நாகரிகத்தை எண்ணிப் பார்ப்பவருக்கு இது விளங்கும்.

மருத்துவ உதவியை நாடுவதும் உறுதியின்மையின் அடையாளமன்று. துணையேதுமின்றி விட முயல்வோருள் ஓராண்டு நிலைப்பவர் நூற்றுக்கு ஐவர் அளவினரே என்பது ஆய்வுகளின் முடிவு. ஆலோசனையும் மருந்தும் சேரும்போது அவ்வாய்ப்பு பெருகுகிறது. 1800-11-2356 என்னும் நாட்டின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்; பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை இத்துறையில் நீண்ட அனுபவம் உடையவை. நிகோட்டின் கலந்த மெல்லும் பசையை நோன்பு வேளையில் பயன்படுத்த முடியாது. ஆனால் தோல் வழியே உறிஞ்சப்படும் மருந்துப் பட்டைகள் நோன்பை முறிக்கா என்று 1997இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது. எனவே ரமளானை முழு விடுதலையின் தொடக்கமாக்க விரும்புவோர், மருத்துவரையும் தம் ஊர் ஆலிமையும் கலந்து, ஷஃபானிலேயே ஆயத்தம் செய்துகொள்ளலாம்.

வழுக்கியவர் திரும்புதல்

இத்தனைக்குப் பின்னும் ஒருவர் வழுக்கலாம். சாவு வீட்டின் துயரம், திருமண வீட்டின் கலகலப்பு, நெடும் பயணம் ஆகியன ஆண்டுகள் பல கடந்தபின்னும் காத்திருக்கும் கண்ணிகள். ஒரு சிகரெட் புகைத்துவிட்டவர், ‘எல்லாம் போயிற்று’ என்று அன்றே ஒரு பெட்டியை வாங்கிவிடுகிறார். வழுக்கியது ஒரு படி. மாடியிலிருந்து குதிப்பது அவராகவே செய்வது.

பாவமன்னிப்புக்குரிய ‘தவ்பா’ என்னும் சொல்லுக்கும் ‘திரும்புதல்’ என்பதே பொருள். பழக்கம் திரும்பி வருமாயின், மனிதனும் திரும்பி வரலாம். இறைவன் நேசிப்பவர்களாகக் குர்ஆன் (2:222) கூறுவது ‘தவ்வாபீன்’களை. இச்சொல் மிகுதிப்பொருள் தரும் அமைப்புடையது; ஒருமுறை திரும்பியவரை அன்று, திரும்பத் திரும்ப மீள்பவரைக் குறிப்பது. எத்தனை முறை என்று எண்ணிச் சோர்பவர் நாமே. அவன் அவ்வாறு எண்ணிச் சோர்வதில்லை.

அந்தப் புளி வணிகர் ஈராண்டு நிலைத்து, ஓர் உறவினர் மறைந்த இரவில் வழுக்கி, மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மீண்டும் ஒப்பந்தம் செய்துகொண்டார். பேரேட்டில் அந்த நாளுக்கு நேரே ஒரு கோடும், ஏழைக்குக் கொடுத்த தொகையும் மட்டும் உள்ளன. அடுத்த வரியிலிருந்து கணக்குத் தொடர்கிறது. அண்மைப் பெருநாளன்று தொழுகை முடிந்து தழுவிக்கொண்டபோது, “விட்டு எத்தனை ஆண்டாயிற்று?” என்று கேட்டேன். “ஆண்டுக் கணக்கைப் பேரேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் ஹஜ்ரத். காலையில் இன்றைக்கு உரிய ஒப்பந்தம் போட்டாயிற்று” என்றார். தேநீர்க் கடையைக் கடந்து இருவரும் நடந்தோம்.

வல்ல இறைவன் நமக்குத் தொடங்கும் துணிவோடு, ‘ஸும்ம’வுக்குப் பிந்திய நிலைப்பையும் அருள்வானாக.